கிஷன் படத்துக்குப் போட்ட மாலை

பண்டமாரான், கிள்ளான்.
பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் கிஷனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், பூச்சோங்கில் உன் அக்காவும் மாப்பிள்ளையும் நல்ல சுகம். அங்கே ஆசிரமத்தில் நீயும் உன்னோடு இருக்கும் சாமிகளும் நீ பாடம் சொல்லிக் கொடுக்கும் அந்த மலைப் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் தெருமுனை முனியாண்டியை வேண்டிக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். உங்கள் மிஷனில் கும்பிடுவது படித்த சாமி, நம் ஆள் சுருட்டுப் பிடிக்கிற சாமி, இருந்தாலும் காவல் வேலைக்கு இவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் கோபித்துக்கொள்ளாதே. நான் கடிதம் எழுதி எத்தனை காலம் ஆகிறது என்று எனக்கே ஞாபகம் இல்லை. தீபாவளி கழிந்து சிவராத்திரி வரைக்கும் உங்களுக்குக் கைப்பேசி கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று சொன்ன நாளிலிருந்து அம்மா எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள், ஒவ்வொன்றிலும் கடைசியில் அப்பா உன்னை ரொம்பக் கேட்டார் என்று எழுதியிருப்பாள், நான் அப்படி ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு எனக்கு வண்டி ஓட்டம் இல்லை, அம்மா பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருக்கிறாள், வீடு சத்தம் இல்லாமல் இருக்கிறது, அதனால் பசியாறிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், காலமெல்லாம் கன்டெய்னர் லோரி ஸ்டியரிங் பிடித்த கை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலையில் கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உங்கள் மிஷன் கிளைக்குப் போய் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருகிறாள். வீட்டில் வெங்காயம் நறுக்கினால் அது வேலை, அங்கே போய் நறுக்கினால் அது சேவை. அங்கே இவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லையாம், கிஷன் அம்மா என்றுதான் சொல்கிறார்களாம், உட்கார நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்களாம், வந்து இதை என்னிடம் எத்தனை தரம் சொல்லிவிட்டாள் தெரியுமா. நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மலைப் பையன்களுக்குப் பிரம்புப் பந்து வைத்து செப்பாக் தக்ராவ் சொல்லிக் கொடுக்கிற வீடியோவை கொமுட்டரில் பக்கத்தில் உட்கார்ந்த சீன ஆன்டி வரைக்கும் காட்டியாகிவிட்டது. அந்த ஆன்டி, யுவர் சன் கிக் வெரி ஹை லா என்று சொன்னாளாம், அதற்கே அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. நீ ஷா ஆலாமில் நல்ல எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டுப் போனபோது இதே சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து என்ன கேட்டார்கள் என்று உனக்குத் தெரியாது. லவ் பெயிலியரா என்றார்கள், யாராவது ஏதாவது செய்துவைத்துவிட்டார்களா என்றார்கள், உன் மாமா வேலாயுதம் கேரித் தீவிலிருந்து ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்து வாசலில் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார். இப்போது எல்லோருக்கும் நீ நம்ம பையன். போன மாசம் அம்பாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம், அங்கே என்னைச் சாமியோட அப்பா என்று சொல்லி மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போய் சைவப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள், பக்கத்துப் பந்தியில் ஆட்டுக்கறி பிரட்டல் போகிறது, நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னால் எனக்குக் கிடைத்த முதல் பெருமை அதுதான்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி அன்று போனில் பேசும்போது, வரும் சிவராத்திரிக்கு உனக்குக் காவி கொடுப்பதாகப் பெரிய சாமி முடிவு செய்திருக்கிறார், பெற்றவர்கள் இரண்டு பேரும் தனித்தனியாகத் தங்கள் கையால் சம்மதம் எழுதி அனுப்பினால்தான் கொடுப்பார், அது அவர்கள் மடத்து வழக்கம் என்று சொன்னாய். அம்மா போனை வைத்த கையோடு எழுதிவிட்டாள். நான் பார்க்கலாம் என்றேன். லோரிக்காரன் பார்க்கலாம் என்றால் அதற்கு முடியாது என்றுதான் அர்த்தம், அது உனக்கும் தெரியும், அதனால்தான் நீ இரண்டாம் தரம் கேட்கவில்லை. நீ எப்போதும் அப்படித்தான், ஒரு தரம் கேட்பாய், கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாய், அடம் பிடிக்கிற பிள்ளையை அடித்து அடக்கிவிடலாம், காத்திருக்கிற பிள்ளையை என்ன செய்வது. முடியாது என்று நான் உனக்குச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காவி வாங்குவதற்கு முன்னால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தனக்குத் தானே எள்ளும் தண்ணீரும் விட்டு, தனக்குத் தானே பிண்டம் வைத்து, உறவை எல்லாம் அறுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும், அதற்கப்புறம் அப்பா அம்மாவுக்குக் கொள்ளி வைக்கக் கூடாது, கருமாதி செய்யக் கூடாது என்று நீயேதான் விளக்கிச் சொன்னாய். நீ எனக்கு ஒரே மகன். லோரியை விட்ட பிறகு நான் ஓட்டுவது சவ வண்டி. வண்டி கிளம்புவதற்கு முன்னால் எந்த வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி, மகன் எங்கே என்பதுதான். நெருப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு என் வண்டிக்கு முன்னால் ஒரு பையன் நடப்பான், நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டுவேன். இத்தனை பேர் வீட்டுப் பையன்களின் முதுகைப் பார்த்தவனுக்கு, தன் வண்டிக்கு முன்னால் யார் நடப்பார் என்று ஒரு நினைப்பு இருக்காதா. அதனால் அம்மாவிடம் முகத்துக்கு நேரே சொன்னேன், சாமியாராகப் போவதும் சாவதும் ஒன்றுதான், உயிரோடு இருக்கிற பிள்ளையைச் சாகக் கொடுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. அதிலிருந்து ரொம்ப நாளைக்கு அவள் என்னோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு வந்தது.

பொங்கல் அன்று நடந்ததை அம்மா உனக்கு எழுதியிருக்க மாட்டாள், வெட்கப்படுகிறாள், ஆகையால் நான் எழுதுகிறேன். அன்றைக்குக் காலையில் பந்திங் பக்கம் ஒரு ஓட்டம் இருக்கிறது என்று முதல் நாள் சாயங்காலம் பாஸ் சொன்னதால் நான் சவ வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் ஓட்டத்தை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அம்மாவுக்கு வந்ததே கோபம். நல்ல நாளும் அதுவுமா இந்த வண்டியை வாசல்ல வச்சுக்கிட்டு நான் எங்க பானை வைக்கிறது என்று சத்தம் போட்டாள். வேறு யார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது, அவர்களுக்கும் பொங்கல்தானே. கடைசியில் அடுப்பையும் பானையையும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நான் குளிக்கப் போனேன். இதற்கு நடுவில் அவள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். பிரிக்பீல்ட்ஸ் கிளையில் வெள்ளை வேட்டியில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதை முன்கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். பொங்கலுக்குச் சாமி படங்களுக்கு என்று கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கிய சாமந்தி மாலையில் ஒன்று மிஞ்சிவிட்டது. இவனும் சாமிதானே என்று உன் படத்துக்கு மாலையைப் போட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, கீழே ஒரு விளக்கையும் ஏற்றிவிட்டாள். நம் வீடுகளில் எந்த மாதிரி படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றுவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இவளுக்குத் தெரியவில்லை, இவளுக்குப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து உன் மாமா கரும்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் சவ வண்டி நிற்கிறது. என்னுடைய வேலை வண்டிதானே என்று உள்ளே வந்திருக்கிறார். கூடத்தில் யாரும் இல்லை. நிமிர்ந்தால் உன் படம், மாலை, பொட்டு, விளக்கு. மனுஷர் கரும்பைக் கீழே போட்டுவிட்டு, ஐயோ எப்படா போன, எனக்கு ஒரு போன் அடிக்கலையே, நான் அந்நியனா போயிட்டேனா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டார். சரியாக அதே நேரத்தில் பின்பக்கம் பானை பொங்கியிருக்கிறது, அம்மா தன்னந்தனியாக நின்றுகொண்டு பொங்கலோ பொங்கல் என்று கத்தியிருக்கிறாள். தங்கச்சிக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து மாமா இன்னும் பெரிதாக அழுதார். அழுகைச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மாரியாயி அக்கா பதறிக்கொண்டு வந்தது, வண்டியையும் படத்தையும் பார்த்துவிட்டு அதுவும் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டது.

நான் குளியலறையிலிருந்து துண்டோடு வந்தேன். கூடத்தில் இரண்டு பேர் உன் படத்துக்கு முன்னால் அழுகிறார்கள். மாமா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போயிட்டானே மாப்ளே என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. நான் குளிக்கும்போது ஆசிரமத்திலிருந்து போன் வந்திருக்கிறது என்று நினைத்தேன். வெளியே நிற்பது நான் ஓட்டி வந்த வண்டி என்பதே மறந்துவிட்டது, அது உனக்காகத்தான் வந்து நிற்கிறது என்று நினைத்தேன். கிஷன், எத்தனை சாவு வீட்டில் நான் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, ஆக வேண்டியதைப் பாருங்க என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் அந்தக் கரும்புக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை, மாமாதான் பிறகு சொன்னார். எழுதிக் கொடுத்திருப்பேனே ஐயா, எழுதிக் கொடுத்திருப்பேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அவருக்கு அது என்ன என்று புரியவில்லை. உனக்குப் புரியும்.

மாரியாயி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே பேசியது. நீ காலேஜில் படிக்கும்போது இரண்டு வருஷம் விடியற்காலையில் என்னுடைய பழைய காடியை ஓட்டிக்கொண்டு போய் அதை டயலிசிஸ் கிளினிக்கில் இறக்கிவிட்டு, அப்படியே காலேஜுக்குப் போவாயாமே. பெத்த புள்ள சிங்கப்பூர்ல இருந்து எட்டிப் பார்க்கல, இந்தப் புள்ள என்னைத் தூக்கி உக்கார வச்சு, பெல்ட்டைக் கூட மாட்டிவிடுமே அண்ணே என்று சொல்லிச் சொல்லி அழுதது. நீதான் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாயாம், அதுவும் இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறது, நீ செத்துவிட்டாய் என்று நினைத்துத்தான் சத்தியத்தை உடைத்தது. அப்போதெல்லாம் காடியில் பெட்ரோல் எங்கே போகிறது, எவள் பின்னால் சுற்றுகிறாய் என்று உன்னைத் திட்டுவேனே, அறுபது வயசுப் பொம்பளை பின்னால் சுற்றியிருக்கிறாய். திட்டினது திட்டினதுதான், அதை வாபஸ் வாங்க மாட்டேன், சொல்லிவிட்டுப் போயிருந்தால் டேங்க் நிரப்பி வைத்திருப்பேன். சாவு வீட்டில் நடக்கிற பேச்சு எனக்குப் பழக்கம். என் வண்டி போய் நிற்கிற நேரத்துக்குப் பாதி வீட்டில் நில விஷயமும் சாப்பாட்டு விஷயமும் தொடங்கியிருக்கும், போனவரைப் பற்றிச் சொல்ல ஒருத்தருக்கும் ஒன்றும் இருக்காது. உன்னைப் பற்றி இப்படி ஒன்றை நான் காதால் கேட்டேன், அதையும் நீ உயிரோடு இருக்கும்போதே கேட்டேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது, கிஷன். ரொம்பப் பெருமையாக இருக்கிறது. அம்பாங் கல்யாணத்துப் பெருமை இல்லை, இது வேறு.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். அம்மா கரண்டியும் கையுமாக உள்ளே வந்து, என்னாச்சு, யார் வீட்டுல என்று கேட்டாள். மூன்று பேரும் உன் படத்தைக் காட்டினோம். அவள் படத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், அட கடவுளே, மாலை மிஞ்சிப்போச்சுன்னு நான்தான்லா போட்டேன் என்றாள். பிறகு மாமா போட்டாரே ஒரு சத்தம், தெருவே கேட்டது, இருக்கிற நெஞ்சு வலி போதாதா எனக்கு, உசுரோட இருக்கிறவன் படத்துக்கு எவளாச்சும் மாலை போடுவாளா என்று. அம்மா மாலையைக் கழற்றி, உன் படத்துக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். மாமா விட்டாரா, அதற்கும் காடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து வந்து வெட்டினார். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார்கள், மாரியாயி அக்கா சிரிப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தது. நான் திரும்பவும் குளிக்கப் போனேன். சாவு இல்லாத வீட்டுல எதுக்கு ரெண்டாம் குளியல் என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன், அதுதான் விஷயம், அவளிடம் சோப்பு போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சாவது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. சாமியாராகப் போவதும் சாவதும் ஒன்று என்று சொன்னேனே, அது தப்பு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நீ ஆற்றங்கரையில் என்னவோ மந்திரம் சொல்லி எள்ளுத் தண்ணீர் விட்டுக்கொள், பேரை மாற்றிக்கொள், உறவு இல்லை என்று சொல்லிக்கொள், அதெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து மலைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாய், சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்து உதைப்பாய். பூமியில் எங்கேயோ ஓர் இடத்தில் நீ மூச்சு விட்டுக்கொண்டு இருப்பாய். எனக்கு அது போதும். கொள்ளி யார் வைக்கிறார்கள் என்பதை எரிகிறவன் பார்க்கப் போவதில்லை, இதை நான் எத்தனையோ வீட்டில் மற்றவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன், எனக்கு நானே சொல்லிக்கொள்ள இவ்வளவு நாள் ஆயிற்று.

அந்தக் கொள்ளி விஷயத்தையும் பேசி முடித்துவிட்டேன், உனக்கு அந்தக் கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூச்சோங்குக்குப் போனோம். மாப்பிள்ளை குரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், நல்ல பிள்ளை, சீனி மட்டும் போட மாட்டேன் என்கிறார், உன் அக்கா சொல்லி வைத்திருக்கிறாள். அவளிடம் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தேன், பாப்பா, தம்பி காவி கட்டிக்கொண்டால் எனக்கு நாளைக்கு ஒன்று என்றால், என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் செத்துப்போவதை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன், அதற்கு இல்லையாம். மாசக் கணக்கா யாரு செய்வா யாரு செய்வான்னு வீட்டையே ரெண்டாக்குனீங்களே பா, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, நான் என்ன வாடகைக்கு வந்தவளா என்று கேட்டாள். என் வண்டிக்கு முன்னால் பெண் பிள்ளைகள் சட்டி பிடித்து நடந்ததை நான் பார்க்காமல் இல்லை, இப்போதெல்லாம் நடக்கிறார்கள், பாஸ் கூட, பொண்ணுங்கதான் அண்ணே இப்ப நடுவுல அழுது நிக்காம நேரா நடக்குறாங்க என்று சொல்லியிருக்கிறார். அது எல்லாம் மற்றவர் வீட்டுப் பெண்கள், நம் விஷ்ணுப்ரியா அப்படி நடப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரிம்மா, நீயே செய், சிம்பாங் லீமா மின்சுடலையில் தரை வழுக்கும், அந்த உயரமான செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடாதே என்றேன். முதலில் நீங்க ரோட்டி சானாய் சாப்பிடுறதை நிறுத்துங்க, அதை அப்புறம் பார்ப்போம் என்றாள். ஆக அந்த வேலைக்கு ஆள் கிடைத்தாகிவிட்டது.

கீழே எழுதுவதை மட்டும் பெரிய சாமியிடம் காட்டு, மேலே உள்ள கரும்பு, சோப்பு கதை எல்லாம் அவருக்கு வேண்டாம். வணக்கத்துக்குரிய சுவாமி அவர்களுக்கு, கிள்ளான் பண்டமாரானில் இருக்கும் நாகப்பன் ஆகிய நான் என் மகன் கிஷன் சந்நியாசம் வாங்கிக்கொள்ள முழு மனதோடு சம்மதிக்கிறேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அவனை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் சம்மதம். கடைசி வரி அவர்கள் கேட்கிற வாசகத்தில் இருக்கிறதா என்று தெரியாது, இல்லாவிட்டாலும் இருக்கட்டும், அதை அடித்து நீக்க வேண்டாம்.

சிவராத்திரிக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நான் சரி என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது, அம்மா தீபாவளி கழிந்த கையோடு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள், விசாவை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். காவி கட்டினதும் முதல் பிச்சை அம்மா கையால்தான் வாங்க வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸ் சாமி சொன்னாராம், அதற்கு என்ன போடுவது என்று அவள் தூங்காமல் யோசிக்கிறாள். இங்கிருந்தே அரிசி கொண்டுவரப் பார்த்தாள், கஸ்டம்ஸில் பிடித்தால் உன் மகன் பேரைச் சொல்லி அழுவாயா என்று கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். மைலோ மட்டும் பெட்டியில் போய்விட்டது, சந்நியாசி மைலோ குடிக்கலாமா என்று கேட்டு வை. நானும் கறி மீனை நிறுத்திவிட்டேன், தைப்பூசத்துக்கு எப்படியும் நிறுத்துவதுதான், அப்படியே சிவராத்திரி வரைக்கும் இழுத்துவிடுகிறேன், அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. காவி கட்டின பிள்ளை காலில் அப்பன் விழ வேண்டும், ஆனால் அம்மா காலில் பிள்ளை விழ வேண்டும் என்றும் அந்தச் சாமி சொன்னாராம், அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா நடையே வேறாக இருக்கிறது. நான் விழுவேன், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. பாதியில் கையைப் பிடித்துத் தடுத்து வேண்டாம்பா என்று சொல்லிவிடாதே, செய்வதை ஒழுங்காகச் செய்ய விடு. எழுந்திருக்கும்போது மட்டும் யாரையாவது கை கொடுக்கச் சொல், முட்டி மடங்கினால் திரும்ப நிமிராது.

உன் படம் அதே இடத்தில்தான் இருக்கிறது, மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல், சும்மா சிரித்துக்கொண்டு. வேலைக்குப் போகும்போது ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். நீ காவி கட்டின நாளுக்குப் பிறகு நான் உனக்கு ஆசீர்வாதம் பண்ணக் கூடாதாம், உன்னிடம் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமாம். அதனால் உனக்காக என்னிடம் இருப்பதை எல்லாம் இப்போதே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன். இனி வரப்போகிற உன் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும், தீபாவளி எல்லாவற்றுக்கும் சேர்த்து, நல்லா இரு. உனக்குக் காய்ச்சல் வருகிற நாளுக்கும், மழையில் அந்த மலை ரோட்டில் ஜீப்பில் போகிற நாளுக்கும், ஏன்தான் வந்தோமோ என்று உனக்கே தோன்றுகிற நாளுக்கும், நல்லா இரு ஐயா. எனக்கு ஒன்று ஆகிவிட்டது என்று இங்கிருந்து செய்தி வருமே, அந்த நாளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அன்றைக்கு நீ தலை முழுக வேண்டாம், ஓடி வரவும் வேண்டாம், பிள்ளைகளுக்குப் பாடம் எடு, இங்கே அக்கா இருக்கிறாள். நீ நூறு வயசு நல்லா இரு.

குளிர் காலத்தில் உனக்கு மூச்சு இழுக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது, நீயும் சொல்லியிருக்க மாட்டாய். எல்லாவற்றையும் துறந்துகொள், இன்ஹேலரை மட்டும் துறக்காதே, இடுப்பில் முடிந்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
சிவராத்திரிக்குப் பிறகும் உன் அப்பா,
நாகப்பன்